கோவளத்துக்கு வரச் சொன்னது யார்?

ஆகஸ்ட் 2006, சனிக்கிழமை இரவு

சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. சீனக் குடும்ப நிறுவனங்கள் வெளிநாட்டில் எப்படி இடம் தேர்ந்தெடுக்கின்றன என்பதுதான் என் ஆய்வு. செங்கல்பட்டுப் பக்கம் செருப்புத் தொழிற்சாலை நடத்தும் லின் மாதக்கணக்காகப் பேட்டிக்குப் பிடிகொடுக்கவில்லை. அவர் பேசாமல் ஆய்வு தேறாது என்று என் கைடும் சொல்லிவிட்டார்.

இன்று லின்னே கோவளத்தில் இருக்கும் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். இஞ்சி போட்டு அவித்த கொடுவா மீனைச் சாப்பிட்டுக்கொண்டே கேட்டேன். “தொழிற்சாலை போட இந்தப் பக்கம் ஏன் வந்தீங்க சார்? துறைமுகமா, வரிச்சலுகையா?”

லின் என் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்தார். அவர் மனைவி மெய்தான் பதில் சொன்னாள், அதுவும் மீன்காரம்மாவிடம் கற்ற தமிழில்.

“நான்தான் சொன்னேன். கடல் கீது, மீன் கீது, வேற இன்னா வேணும்?”

லின்னின் காது சிவந்துவிட்டது. “கம்பெனி இவ அப்பாவோடது. முடிவெல்லாம் எடுக்கிறது இவதான். இதைப் பேட்டியில எப்படிச் சொல்றது?” என்று ஆங்கிலத்தில் முனகினார்.

“நான் சொல்றேன், எழுதிக்கோ” என்றாள் மெய். பொழுது சாயும்வரை பேசினாள், நானும் எழுதினேன்.

துறைமுகம், வரிச்சலுகை என்று எழுதி வைத்திருந்த என் இரண்டாம் அத்தியாயம் முழுக்கத் தப்பு. வீட்டுக்கு வந்ததும் அதைக் கிழித்துப் போட்டேன். எதையும் இவ்வளவு சந்தோஷமாக நான் கிழித்ததே இல்லை.