ஏறிட்டேன்க்கா

தம்பி,

நேற்றுக் காலையில் பீரோவின் மேலிருந்து உன் பெட்டியை இறக்கினோம். நீ போன பிறகு அதை யாரும் தொடவில்லை. நான் தொடவிடவில்லை என்பதுதான் சரி. தூசியை ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஜிப்பைத் திறந்தேன். மெஷின் ஆயில் வாசனை. துவைத்து, வெயிலில் காயவைத்து, இஸ்திரி போட்டு அடுக்கிய துணிகளுக்குள் அந்த வாசனை எங்கே ஒளிந்திருந்ததோ தெரியவில்லை. பெட்டியின் மூலையில் கொஞ்சம் பஞ்சு வேறு ஒட்டியிருந்தது. எந்த நாட்டு மில்லில் ஒட்டியதோ. அதை எடுத்து விரலில் உருட்டிக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பெட்டியைக் கேட்டது உன் மருமகள். என் மகளுக்கு வேலை கிடைத்திருக்கிறது, தம்பி. வங்கிகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் கம்பெனி. அந்தந்த நாட்டுக்கே போய் அதை நிறுவி, அங்கே இருப்பவர்களுக்குப் பழக்கிவிட்டு வர வேண்டுமாம். மாதத்தில் பாதி நாள் விமானத்தில் போகும் என்று முதலிலேயே சொல்லித்தான் எடுத்திருக்கிறார்கள். தெருவே வந்து வாழ்த்திவிட்டுப் போனது. நான் மட்டும் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு திரிந்தேன்.

"புதுப் பெட்டி எதுக்கும்மா? மாமா பெட்டி இருக்குல்ல. சக்கரம் இன்னும் நல்லா ஓடுது."

"அது வேணாம்."

"ஏம்மா?"

அவளுக்கு ஏன் என்று தெரியும். தெரிந்துதான் கேட்டாள். உன் பிடிவாதம் அப்படியே அவளிடம் வந்திருக்கிறது. கடைசியில் கொடுத்துவிட்டேன். இன்று முதல் பயணம். உன் மச்சான்தான் மதுரை விமான நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் போகவில்லை. அந்த வாசலில் நின்று கையாட்டுவது எனக்கு ஆகாது. இதை எழுதும்போது அவள் மேலே எங்கேயோ இருக்கிறாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்தப் பேச்சை உன்னிடம் தவிர வேறு யாரிடமும் பேச முடியாது.

நீ வேடசந்தூர் பக்கம் மில்லில் ஃபிட்டராக இருந்த காலத்தில் உன்னிடம் பெட்டியே கிடையாது. ஒரு மஞ்சள் பை, ஒரு சாப்பாட்டுத் தூக்கு, அவ்வளவுதான். அப்புறம் நூல் மெஷின் செய்யும் கோயம்புத்தூர் கம்பெனி உன்னைக் கூப்பிட்டுக்கொண்டது. அவர்கள் விற்ற மெஷினை வெளிநாட்டு மில்களில் மாட்டி ஓடவிட வேண்டும், நின்றால் போய்ச் சரிசெய்ய வேண்டும். டாக்கா, தாஷ்கண்ட், அடிஸ் அபாபா என்று நீ சொன்ன பெயர்களை நான் தப்பும் தவறுமாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். "உங்க தம்பி ஊர் ஊராப் பாக்குறாரு, குடுத்து வச்சவரு" என்று பக்கத்து வீட்டில் சொன்னபோது நீ சிரித்தாய்.

"எங்கக்கா பாத்தேன்? எல்லா ஊரும் எனக்கு ஏர்போர்ட்டு, மில்லு, ரூமு. அம்புட்டுத்தான். மில்லுக்குள்ள போனா நம்மூரு எரியோடும் ஒண்ணுதான், எத்தியோப்பியாவும் ஒண்ணுதான். பஞ்சுதான் பறக்குது."

சித்திரை வெயிலில் ஸ்வெட்டரோடு வந்து நின்றிருக்கிறாய். நடுவீட்டில் எழுந்து உட்கார்ந்து, "இது எந்த ஊருக்கா?" என்று கேட்டிருக்கிறாய். உனக்குப் பெண் பார்க்கப் போன கதையை இப்போதும் சொந்தக்காரர்கள் சொல்லிச் சிரிக்கிறார்கள். பெண் வீட்டில் பஜ்ஜி, கேசரி எல்லாம் ஆறிக்கொண்டிருக்க, நீ பனிமூட்டத்தில் விமானம் கிளம்பாமல் ஏதோ ஒரு ஊரில் உட்கார்ந்திருந்தாய். "மாப்ள மாசத்துல எத்தன நாளு வீட்டுல இருப்பாரு?" என்று பெண்ணின் அப்பா கேட்டார். நான் கூட்டிச் சொல்வதற்குள் உன் மச்சான் உள்ளதைச் சொல்லித் தொலைத்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு வந்த இடங்களும் அப்படித்தான் தட்டிப்போயின. உன் துணியைத் துவைக்க நான்தான் மிஞ்சினேன்.

அந்த இரண்டு பெட்டி ஏற்பாடு உன் மூளையில் உதித்ததுதான். ஒன்று உன்னோடு போகும், ஒன்று துவைத்து அடுக்கி என்னிடம் தயாராக இருக்கும். ஒரு நாட்டிலிருந்து மதுரையில் வந்து இறங்குவாய், அன்றைக்கே அடுத்த நாட்டுக்குப் போகச் சென்னைக்கு ஓட வேண்டும். மதுரையிலிருந்து சென்னைக்கும் கம்பெனி விமானச் சீட்டே போட்டுத் தரும். நீ அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு ரயிலில் வருவாய். ரயில் திண்டுக்கல்லில் செத்த நேரம் நிற்கும். நான் பிளாட்பாரத்தில் பெட்டியும் சாப்பாடுமாக நிற்பேன். நீ வாசல்படியில் நின்று அழுக்குப் பெட்டியை இறக்கிக் கொடுப்பாய், நான் வெளுத்த பெட்டியை ஏற்றிவிடுவேன். "உள்ள பருப்புப்பொடி இருக்கு, எலுமிச்ச ஊறுகா இருக்கு, மூடிய இறுக்கி மூடு" என்பதற்குள் வண்டி நகர்ந்துவிடும். ஸ்டேஷனில் டீ விற்பவர் ஒருநாள், "என்னக்கா, நீங்க பெட்டி மாத்துறதப் பாத்தா போலீசு புடிச்சிரும்போல" என்றார். அந்தச் செத்த நேரத்துக்காகத்தான் நீ விமானத்தை விட்டுவிட்டு ரயில் ஏறினாய் என்பது எனக்குத் தெரியும். நீயும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

வீடு திரும்பியதும் எனக்கு வேலை இருக்கும். நீ விமானம் ஏறினாயா என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது. "ஏறிட்டேன்க்கா" என்று உன்னிடமிருந்து மெசேஜ் வந்தால்தான் விளக்கை அணைப்பேன். வராவிட்டால் போன் போட்டுக்கொண்டே இருப்பேன். "ஏங்க்கா இப்படி உயிர வாங்குற?" என்று சலித்துக்கொள்வாய். ஆனால் ஒரு தடவைகூட அனுப்பாமல் இருந்ததில்லை.

உன் காலைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும். நாம் கடைசியாகப் பெட்டி மாற்றியதற்கு முந்தைய தடவை நீ வந்தபோதே கெண்டைக்காலில் வலி என்றாய். இழுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினேன். நீண்ட நேரம் விமானத்தில் காலை மடக்கி உட்கார்ந்தே போகிறவர்களுக்குக் காலில் இரத்தம் கட்டும், அது நகர்ந்து நெஞ்சுக்குப் போனால் ஆளையே கொண்டுபோய்விடும் என்று அவர் விளக்கமாகத்தான் சொன்னார். "வீங்குச்சுன்னா எங்க இருந்தாலும் ஒடனே ஆஸ்பத்திரி. அடுத்த பிளைட்டு ஏறவே கூடாது" என்றார். வெளியே வந்து நீ கேலி பேசினாய். "ஒக்காந்து பாக்குற வேல கெடைக்கலையேன்னு ஊரே அழுகுது. எனக்கு ஒக்காந்ததுதான் வியாதியாம்." நானும் சிரித்துவிட்டேன்.

கடைசியாகப் பெட்டி மாற்றிய அன்று நீ வாசல்படியில் நின்றபோது ஒரு காலில் ஷூ, ஒரு காலில் ரப்பர் செருப்பு. செருப்பின் வாருக்குள் பாதம் பிதுங்கிக்கொண்டு இருந்தது.

"ஏலே, என்னலே காலு?"

"ஒண்ணும் இல்லக்கா. ஒக்காந்தே வந்தேன்ல, நீரு கோத்துக்கிச்சு. நடந்தா வடிஞ்சுரும்."

"எறங்கு. டாக்டரு என்ன சொன்னாரு? எறங்குலே."

"அங்க மெஷின் நிக்குதுக்கா. நான் போனாத்தான் ஓடும். போயிட்டு வந்து காட்டுறேன்."

நான் பெட்டியைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டேன். நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வண்டி நகர ஆரம்பித்தது. உள்ளே இருந்தவர்கள் விடுங்கம்மா விடுங்கம்மா என்று சத்தம் போட்டார்கள். விட்டுவிட்டேன். "சாப்டுட்டு மாத்திரையப் போடு" என்று மட்டும் கத்தினேன். உனக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. தலையை ஆட்டினாய்.

அன்று இரவு வழக்கம்போல வந்தது. "ஏறிட்டேன்க்கா." கோபம் இருந்தும் மனது லேசானது. போகிற இடத்தில் நல்ல ஆஸ்பத்திரி இருக்கும், கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று நானே சொல்லிக்கொண்டு விளக்கை அணைத்தேன்.

மறுநாள் மத்தியானம் மொட்டைமாடியில் உன் அழுக்குப் பெட்டித் துணிகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கம்பெனியிலிருந்து சீட்டுப் போட்டுத் தருகிறவர் கூப்பிட்டார். "ஏனுங்க, சார் இன்னும் எறங்கலைங்களாமா? அங்க வண்டிக்காரர் பேர்ப் பலகையோட நின்னுட்டே இருக்காராமுங்க. போனும் அணைச்சிருக்குதுங்க."

"ஏறிட்டான்னு எனக்கு மெசேஜ் வந்துருச்சுங்க. நடுவுல எங்கயாச்சும் விமானம் லேட்டாயிருக்கும்."

"அப்படியிருந்தா சரிங்க. அடுத்ததுல வந்துருவாருங்க."

வேறு எந்த வீட்டிலாவது ஓர் ஆளின் போன் இவ்வளவு நேரம் அணைந்து கிடந்தால் தெருவே கூடியிருக்கும். பறக்கிறவன் போன் அப்படித்தான் இருக்கும் என்று எங்களுக்கு நீ பழக்கிவிட்டிருந்தாய். கம்பெனிக்காரர் நீ மேலே இருப்பதாக நினைத்தார், நானும் அதையேதான் நினைத்தேன். நீயோ சென்னையில், விமான நிலையத்துக்கு எதிர்ப்புறம் இருந்த லாட்ஜில், கதவைத் தாழ் போட்டுக்கொண்டு உள்ளே கிடந்தாய்.

நாங்கள் சென்னைக்குப் போன பிறகு லாட்ஜ் மேனேஜர்தான் எல்லாம் சொன்னார். நல்ல மனுஷர், கையைப் பிசைந்துகொண்டே பேசினார். உன் விமானம் எப்போதும் விடிகாலையில்தானாம். நீ ராத்திரி அங்கே வந்து படுத்துத் தூங்கி, விடிவதற்கு முன் எழுந்து போவாயாம். "சாரு சாவி வாங்கும்போதே மெசேஜ் போட்டுருவாரும்மா. ஏறிட்டேன்னு. ஏன் சார் பொய் சொல்றீங்கன்னு கேட்டேன். இதச் சொல்லலைன்னா எங்கக்கா விடிய விடிய முழிச்சுக் கெடக்கும், அது தூங்கட்டும்னாரு. அப்புறம் போன அணைச்சுருவாரு, நீங்க கூப்ட்டா மணி அடிச்சுக் காட்டிக்குடுத்துரும்னு."

விடியும் முன்பு உன் அறையில் அலாரக் கடிகாரம் அடித்து ஓய்ந்ததைப் பக்கத்து அறைக்காரர் கேட்டிருக்கிறார். எழுந்து போய்விட்டாய் என்று நினைத்துக்கொண்டாராம். தொந்தரவு செய்யாதீர்கள் என்ற அட்டையை நீதான் கதவில் மாட்டியிருந்தாய். விமானம் தள்ளிப்போனால் நீ இன்னொரு நாள் தங்குவது உண்டு என்பதால் லாட்ஜிலும் தட்டவில்லை. அடுத்த நாள்தான் கதவை உடைத்திருக்கிறார்கள்.

காலில் கட்டிய இரத்தம்தான் என்றார் அங்கே பரிசோதித்த டாக்டர். உடனேயா, இல்லை ரொம்ப நேரம் கிடந்தானா, யாராவது தட்டியிருந்தால் பிழைத்திருப்பானா என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "அத மட்டும் கேக்காதீங்கம்மா" என்றார். அதனால் எனக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கிறேன். நீ தண்ணீர் கேட்டாயா, என்னைக் கூப்பிட்டாயா, போனைத் தேடினாயா என்று அரிசி களையும்போதுகூட ஓடிக்கொண்டிருக்கும்.

உன்னைச் சாலை வழியாகத்தான் திண்டுக்கல்லுக்குக் கொண்டுவந்தோம். உனக்குப் போட்டுவிட்டது நான் அடுக்கிக் கொடுத்த பெட்டியில் மேலாக இருந்த வெள்ளைச் சட்டை. அந்த மில் வேலை முடிந்ததும் முதலாளியைப் பார்க்கப் போகும்போது போட்டுக்கொள் என்று வைத்திருந்தேன். கல்லறையில் பாதிரியார் செபம் சொல்லிக்கொண்டிருந்தபோது எனக்கு அந்தச் சட்டைக் காலரில் மடிப்பு சரியாக இல்லையே என்றுதான் இருந்தது.

உன்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை, தம்பி. என் தூக்கத்துக்காகப் பொய் சொன்னாய் என்று எல்லாரும் உருகுகிறார்கள். யார் கேட்டது அந்தத் தூக்கத்தை? நான் முழித்துக் கிடந்திருந்தால் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருப்பேன். நீ எடுக்காவிட்டால் சென்னையையே கலக்கியிருப்பேன். எத்தனை பயணம், எத்தனை "ஏறிட்டேன்". அதில் ஒன்றாவது நிஜமா என்று கேட்க நீ இல்லை. காயப்போட்ட உன் துணிகளை மறுபடி மடித்து, இஸ்திரி போட்டு, அடுத்த பயணத்துக்கு அடுக்குவதுபோலவே அடுக்கி பீரோ மேல் ஏற்றியது அந்த ஆத்திரத்தில்தான்.

அதன் பிறகு யார் ஏறிட்டேன் என்றாலும் நான் நம்புவதில்லை. உன் மருமகள் திருச்சியில் படித்தபோது பஸ் ஏறினால்கூட, கண்டக்டர் விசில் சத்தத்தை எனக்குக் கேட்கவிட வேண்டும். "என் ஃபிரண்ட்ஸ் எல்லாம் சிரிக்கிறாங்கம்மா" என்பாள். சிரிக்கட்டும்.

இன்று அவளிடமிருந்து "ஏறிட்டேன்மா" என்று வந்தது. உடனே கூப்பிட்டேன்.

"எங்க, சத்தத்தக் கேக்க விடு."

"இந்தா கேளு."

பெல்ட்டைப் போடச் சொல்லி ஒரு பெண் இங்கிலீஷில் பேசினாள். ஒரு குழந்தை வீல் வீலென்று அழுதது. பெட்டிகளை மேலே திணிக்கும் தடதட சத்தம்.

"நம்புறியாம்மா?"

"நம்புறேன். ஒக்காந்தே போகாத. அப்பப்ப எந்திரிச்சு நட. காலு வீங்குச்சுன்னா..."

"தெரியும்மா. மாமாவ எனக்கும் தெரியும்."

போனை அணைக்கச் சொல்கிறார்கள் என்று வைத்துவிட்டாள். இதோ, அப்போதிருந்து உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். அடுப்பில் ஒன்றும் ஏற்றவில்லை. உன் மச்சான் திரும்பி வந்து பசிக்கிறது என்றார், கடையில் சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னேன்.

இப்போதுதான் அவள் கூப்பிட்டாள். துபாயில் இறங்கிவிட்டாளாம். நான் கேட்காமலே போனைத் தூக்கிக் காட்டினாள். பெட்டிகள் சுற்றிவரும் இடத்தில் ஒரே இரைச்சல். "மாமா பெட்டி வந்துருச்சும்மா, பாரு" என்று சக்கரத்தைத் தரையில் உருட்டி அந்தச் சத்தத்தையும் கேட்கவிட்டாள்.

அவள் வைத்த பிறகு போனில் உன் பெயரைத் தேடி எடுத்தேன். கடைசியாக நீ அனுப்பிய "ஏறிட்டேன்க்கா" அங்கேயே இருக்கிறது. அதற்குக் கீழே இத்தனை காலமும் ஒன்றும் இல்லை. உன் எண்ணை இந்நேரம் வேறு யாருக்காவது கொடுத்திருப்பார்கள், யாரோ ஒருவர் படித்துவிட்டு விழிப்பார். பரவாயில்லை என்று அதன் கீழே எழுதி அனுப்பினேன்.

பெட்டி எறங்கிருச்சு தம்பி.