கோபுரத்துக்குள்ள எனக்கு வாய் வரல

அடியே கயலு,

தலைவலின்னு சோபாவுல உக்காந்தவ நீ எந்திரிக்கவே இல்ல. ஏழு மாசம் ஆச்சு. வேலைக்கு அனுப்புனா போறேன், சோறு வச்சா திங்கிறேன். "நீங்க மனுஷனா மெஷினா?"ன்னு கேப்பியே, இப்ப நெசமாவே மெஷின்தான்.

போன மாசம் கேப் டவுன் பக்கம் ஒரு ஃபேக்டரில எங்க பேக்கிங் மெஷின மாட்டிக்குடுக்க அனுப்புனாங்க. நம்ம பொண்ணு இனியாவ இங்க நம்ம ஏரியா மவுண்ட் ரோஸ்கில்லயே பக்கத்து வீட்டு வதனி அக்காகிட்ட விட்டுட்டுப் போனேன். உனக்குப் புட்டு குடுத்து விடுவாங்களே, அந்த யாழ்ப்பாணத்து அக்கா.

சனிக்கிழமை லீவு. கூட வேலை பாத்த யோஹான், "எங்க பாஷைக்கு மலை மேல கோபுரமே இருக்கு, வா"ன்னு பார்ல்ங்கிற ஊருக்குக் கூட்டிட்டுப் போனான். முதல்ல ஊருக்குள்ள மியூசியம். அவன் பேசுற ஆஃப்ரிகான்ஸ ஒரு காலத்துல சமையல்கட்டு பாஷைன்னு கேலி பண்ணுவாங்களாம். பின்னாடி அதே பாஷைய ஸ்கூல்ல கறுப்பினப் பிள்ளைங்க மேல திணிச்சாங்களாம். அதைச் சொல்லும்போது யோஹான் தலையக் குனிஞ்சுக்கிட்டான்.

அப்புறம் மலை. கோபுரத்துக்குள்ள நின்னு அண்ணாந்தா ஒரு துண்டு வானம். இவ்வளவு உயரத்துக்கு காங்கிரீட் எப்படி ஏத்துனாங்கன்னுதான் எனக்குத் தோணுச்சு. நீ இருந்தா மண்டைல குட்டியிருப்ப.

"உன் பாஷைல ஒரு வரி சொல்லேன், எப்படிக் கேக்குதுன்னு பாப்போம்"னான் யோஹான்.

வாயத் திறந்தேன். ஒண்ணும் வரல கயலு. ஒத்த வார்த்தை வரல. உன் முப்பதாம் நாளுக்கு அப்புறம் நான் தமிழே பேசலன்னு அங்க நின்னப்பதான் உறைச்சுது. ஊர்ல இருந்து அம்மா போன் பண்ணா "ம்". இனியாகிட்ட "ஈட்", "ஷூஸ் ஆன்". அவளும் இங்கிலீஷ்தான். பிள்ளை மறந்துடுச்சுன்னு நானே முடிவு கட்டிட்டேன்.

திரும்பி வந்து வதனி அக்கா வாசல்ல ஷூவக் கழட்டுறேன், உள்ள ஒரு குரல். "அன்ரி, இன்னும் கொஞ்சம் புட்டுத் தாங்கோ. ஓம், சீனி போட்டு!"

நம்ம இனியாடி! யாழ்ப்பாணத் தமிழ்ல வெளுத்து வாங்குறா.

என்னப் பாத்ததும் "ஹாய் டாடி"ன்னு மாறிட்டா.

"அப்பாவோட ஏன் பிள்ளை தமிழிலை கதைக்கிறேல்லை?"ன்னு அக்கா கேட்டாங்க.

தரையப் பாத்துக்கிட்டே சொன்னா: "தமிழ் கதைச்சா அப்பா அழுவார்."

அப்பதான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. உன் முப்பதாம் நாள் படையல் போட்டுட்டு நான் ரூம்ல கிடந்தேன். "ஏங்க, சாப்பிட வாங்க, ஆறிடும்"னு இனியா அச்சு அசல் உன்ன மாதிரியே வந்து கூப்பிட்டா. நான் கத்தி அழுதுட்டேன். அன்னிக்கு என்கிட்ட தமிழ் பேசுறத நிறுத்துனவதான். நாலு வயசுப் பிள்ளை, ஆறு மாசமா எனக்காக. மெஷின்ல ஒரு போல்ட் லூஸானா சத்தத்த வச்சே சொல்லிருவேனே, இது எப்படி எனக்குக் கேக்காமப் போச்சு?

அங்கயே மண்டி போட்டேன். "இனியா, சாப்பிட்டியாம்மா?" குரல் தகர டப்பா மாதிரி வந்துச்சு, கூடவே அழுகையும். அவ பயந்துபோய் அக்கா பின்னாடி ஒளிஞ்சா. ரொம்ப நேரம் கழிச்சு எட்டிப் பாத்து, "ஓம்"னா.

ஆமான்னு சொல்லச் சொல்லி நீ சண்டைக்கு வந்திருப்ப. எனக்கு அந்த ஓம் போதும்.

இனிமே என்னச் சாப்பிடக் கூப்பிடுறது இனியா வேலை. எப்படி வேணா கூப்பிடட்டும், உன் குரல்லயே கூப்பிடட்டும். அழுகை வந்தா அவ முன்னாடியே அழுவேன், ஆனா தமிழ்ல பதில் சொல்லிட்டு எந்திரிச்சுப் போய் அவ பக்கத்துல உக்காந்து சாப்பிடுவேன். உன் மேல சத்தியம்.

உன் வீட்டுக்காரன்,
இனியாவோட அப்பா