கன்றுச் சந்தை முடியட்டும்

1998 செப்டம்பர் 14, திங்கள்

காலை முழுவதும் தொலைபேசி. நெப்ராஸ்காவில் கன்றுகளைத் தீனி போட்டுக் கொழுக்க வைக்கும் பண்ணை வைத்திருக்கும் ஹாம்லினுக்கு முந்நூறு காளைக் கன்றுகள் வேண்டுமாம். கறுப்பு, எல்லாம் ஒரே உயரம். நான் ஏலத்தில் பார்த்து வாங்கி அனுப்பினால் போதும் என்றார். பன்னிரண்டு வருடமாக என் வாய்ச்சொல்லை நம்பி வாங்குகிறார். ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை.

மதியம் காப்பீட்டுக்கான உடம்புப் பரிசோதனை. கழுத்தைத் தடவிக்கொண்டே வந்த டாக்டரம்மாவின் விரல் ஓரிடத்தில் நின்றுவிட்டது. திரும்ப அதே இடத்துக்கு வந்தது. கன்றின் காலைத் தடவிப் பார்க்கையில் என் கையும் அப்படித்தான் நிற்கும். நின்றால் ஏதோ இருக்கிறது.

செப்டம்பர் 25

பார்கோ நகர ஆஸ்பத்திரியில் கழுத்தில் ஊசி குத்திப் பரிசோதனைக்குக் கொஞ்சம் சதை எடுத்தார்கள். வலி பெரிதில்லை. வழியில் டீசல் போட்டேன்.

அக்டோபர் 1, வியாழன்

ஏலத்துக்குக் கிளம்பும்போது போன். தைராய்டில் புற்றுநோய்.

போனை வைத்துவிட்டு ஏலக்கொட்டகைக்குப் போனேன். வேறு எங்கே போவது? இருநூற்றுப் பன்னிரண்டு கன்றுகள் வாங்கினேன், ஒன்றுகூடத் தப்பான விலைக்கு இல்லை. மாலையில் லாரியில் ஏறி உட்கார்ந்து, வாங்கிய கணக்கை இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன்.

முப்பது வருடமாக மாடுகளுக்கு அயோடின் கலந்த உப்புக்கட்டி வாங்கிப் போட்டவள் நான். கன்றுக்குக் கழுத்து வீங்கக்கூடாதே என்று.

அக்டோபர் 5

ஆர்விடம் சொன்னேன். என் கணவனுக்குப் பேச்சு எப்போதும் குறைவு. கேட்டுவிட்டு எழுந்து போய்த் தொட்டியில் தண்ணீர் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு வந்தான். “நான் என்ன செய்யணும் சொல்லு” என்றான். யாரிடமும் மூச்சு விடாதே என்றேன்.

எங்கள் ஊரில் ஒருவருக்கு வியாதி என்று தெரிந்தால் வாசலில் பாத்திரங்கள் வந்து இறங்கும். உருளைக்கிழங்கும் கறியும் போட்டு வேகவைத்தது, அடியில் ஒட்டிய தாளில் வீட்டுக்காரி பெயர். முதல் பாத்திரம் வந்த அன்றே பண்ணைக்காரர்கள் வேறு ஆளைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். எனக்குத் தெரியாதா? 91ல் என்னைப் போலவே கன்று வாங்கித் தந்துகொண்டிருந்த கிழவர் ப்ளோம்கெஸ்ட் படுத்தபோது அவருடைய வாடிக்கையில் பாதியை நான்தானே எடுத்துக்கொண்டேன்.

அக்டோபர் 7

அறுவை மருத்துவர் பாஸ்டர்னக். சின்ன ஆள், சுத்தமான கை. “புற்றுநோய்லயே இது சாதுவானது” என்றார். சாது! மாட்டை விற்கிறவன் அப்படிச் சொன்னால் நான் முதலில் கொம்பைப் பார்ப்பேன்.

பதினான்காம் தேதி வெட்டலாம் என்றார். கன்றுச் சந்தை இப்போதுதான் சூடுபிடித்திருக்கிறது, வருடத்தில் பாதி வருமானம் இந்த எட்டு வாரத்தில்தான் என்றேன். டிசம்பர் கேட்டேன். அவர் நவம்பர் என்றார். நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். எதிராளியைப் பேசவிட்டால் இறங்கிவருவான், அதுதான் தொழில். அவரும் இறங்கிவந்தார். டிசம்பர் எட்டு.

“ஆனா ஒரு நிபந்தனை. நவம்பர் நாலு இன்னொரு ஸ்கேன். நடுவுல குரல் மாறுனா அன்னைக்கே எனக்குக் கூப்பிடணும். மறுநாள் இல்ல, அன்னைக்கே.”

சரி என்று கை கொடுத்தேன். இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்தார் என்றால் நிலைமை அவ்வளவு மோசமாக இருக்காது.

அக்டோபர் 15

கட்டி தெரியாமல் இருக்க வெள்ளைக் கழுத்துத்துணி கட்டிக்கொண்டு ஏலத்துக்குப் போனேன். ஏலத்தில் எனக்குப் போட்டியாகக் கேட்கும் கெர்மிட் சாத்தர் பக்கத்து இருக்கைக்கு வந்து சாய்ந்தான். “என்ன லோர்னா, பாரிஸ்ல இருந்தா வர்ற?” எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த வரிசைக் கன்றுகளை அவன் சொன்ன விலைக்கு மேல் கேட்டு எடுத்தேன்.

அக்டோபர் 22

குளிக்கும்போது அந்த இடத்தைத் தொடாமல் இருக்க முடியவில்லை. பட்டாணி அளவு என்றார்கள். இது பட்டாணி இல்லை. அல்லது என் விரல்தான் பெரிதாக்குகிறதா?

அக்டோபர் 29, வியாழன்

குரல் கரகரக்கிறது.

கொட்டகையில் தூசி. முந்நூறு மாடு உள்ளே வந்து போனால் யாருக்குத்தான் கரகரக்காது? ஏலம் போடுகிறவரே தேனைக் குடித்துக்கொண்டிருந்தார். இலையுதிர் காலத்தில் பாதி ஊருக்கு இப்படித்தான்.

அக்டோபர் 31

தூசிதான்.

நவம்பர் 2

ஆர்வ் இரவுச் சாப்பாட்டில் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “டாக்டருக்குப் போன் போடு.” எனக்குக் கோபம் வந்துவிட்டது. அஞ்சாம் தேதி பெரிய ஏலம், ஹாம்லினுக்கு இன்னும் தொண்ணூறு பாக்கி, நீயா போய்க் கேக்கப்போறே என்று கத்தினேன். கத்த முடியவில்லை. காற்றுதான் வந்தது. அவன் எழுந்து பாத்திரம் கழுவினான்.

நவம்பர் 4

ஸ்கேனுக்குப் போகவில்லை. பனி என்று சொல்லிவிட்டேன். பனி இருந்தது, பொய்யில்லை. ஆனால் இதைவிடப் பெரிய பனியில் கன்று பார்க்கப் போயிருக்கிறேன்.

நவம்பர் 9

காலையில் கதவைத் திறந்தால் வாசலில் பாத்திரம். இன்னும் சூடாக இருந்தது. அடியில் ‘ஆர்லிஸ் சாத்தர்’ என்று எழுதியிருந்தது. கெர்மிட்டின் மனைவி.

யார் சொன்னது? காப்பீட்டு ஆபீஸா, மருந்துக் கடையா? இனி கேட்டு என்ன. ஆர்வ் சாப்பிட்டான். எனக்கு இறங்கவில்லை. வைராக்கியம் என்று நினைத்தேன். பிறகு தண்ணீரும் இறங்கச் சிரமப்பட்டது.

நவம்பர் 12

ஹாம்லினுக்குப் போன் செய்தேன். கன்றுகளைப் பற்றி இரண்டு வாக்கியம் சொல்லியிருப்பேன்.

“யாரும்மா பேசறது?”

லோர்னா என்றேன். பிறகு மிகவும் மரியாதையாகப் பேசினார். உடம்பைப் பார்த்துக்கோங்க, மீதிக் கன்றுகளுக்கு அவசரமே இல்லை என்றார். பன்னிரண்டு வருடத்தில் அந்த மனிதர் எதற்குமே அவசரமில்லை என்று சொன்னதில்லை.

போனைக் கீழே வைக்கவில்லை. அதே கையோடு பாஸ்டர்னக்குக்குக் கூப்பிட்டேன். என்றைக்கிலிருந்து குரல் இப்படி என்று கேட்டார். தேதி சொன்னேன். நாளைக் காலை வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு வரச் சொன்னார். நான் பேரம் பேசவில்லை.

நவம்பர் 20

நாலு மணி நேரம் என்றது ஏழு மணி நேரம் ஆனதாம். குரல் நரம்பைப் புற்று சுற்றிக்கொண்டிருந்ததால் நரம்போடு வெட்டினார்கள். மூச்சுக்குழாய் மேலிருந்து சுரண்டி எடுத்தார்கள். படத்தில் நுரையீரலிலும் இரண்டு புள்ளி.

அக்டோபரிலேயே வெட்டியிருந்தால் என்று சிலேட்டில் எழுதிக் காட்டினேன். பாஸ்டர்னக் கட்டிலோரம் உட்கார்ந்தார். “தெரியலைங்க. நரம்பு அப்பவே ஒட்டியிருக்கலாம், ஒட்டாமலும் இருந்திருக்கலாம். உங்களுக்கு டிசம்பர் தந்திருக்கக் கூடாது. அது என் தப்பு.”

நான் அவரைச் சாமர்த்தியமாக இறக்கிவிட்டதாக அல்லவா நினைத்தேன்.

டிசம்பர் 24

வாசலில் இதுவரை பதினேழு பாத்திரங்கள். யாருடையது எது என்று ஆர்வ் ஒரு பட்டியல் வைத்திருக்கிறான். ராத்திரி மாடுகளுக்கு வைக்கோல் போடப் போனவன் வெகுநேரம் திரும்பவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். லாரிக்குள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்திருந்தான். வெளியே போய்க் கூப்பிடலாம் என்றால், கூப்பிடக் குரல் ஏது.

1999 பிப்ரவரி 6

கதிர்வீச்சு அயோடின் மாத்திரைக்கு முன்னால் அயோடின் இல்லாத சாப்பாடு, இரண்டு வாரம். பால் கூடாது, முட்டை கூடாது, கடை ரொட்டி கூடாது. ஆர்வ் தானே ரொட்டி சுட்டான். கதவு திறந்து நிற்பதற்கு முட்டுக் கொடுக்கலாம்.

பிப்ரவரி 18, வியாழன்

கதிர்வீச்சு மாத்திரை விழுங்கி மூன்றாம் நாள். கொடுத்தவன் கையுறை போட்டுக்கொண்டு ஈயக் குப்பியில் கொண்டுவந்தான். நான் அதை வாயில் போட்டுக்கொண்டேன். இப்போது என் உடம்பே கதிர் வீசுமாம், வீட்டுப் பின்னறையில் தனியாக இருக்கிறேன். தட்டு தனி, துண்டு தனி. புள்ளிகள் இந்த மருந்தை இழுத்துக்கொண்டனவா என்று செவ்வாய்க்கிழமை படத்தில் தெரியும். இழுத்திருந்தால் நல்லதாம். இல்லையென்றால் என்ன என்பதைப் பாஸ்டர்னக் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மத்தியானம் ஹாம்லின் கூப்பிட்டார். எங்கள் தொழுவில் வளர்ந்திருக்கும் எண்பது கன்றுகளை நாங்கள் விற்பது அவர் காதுக்குப் போயிருக்கிறது. ஆர்வ் போனைக் கதவுக் கண்ணாடிக்கு அருகே இழுத்துக்கொண்டு வந்து, என்ன சொல்லட்டும் என்பதுபோல என்னைப் பார்த்தான். என்னைக் கல்யாணத்துக்குக் கேட்ட அன்றுகூட அவன் முகம் இப்படி வியர்க்கவில்லை.

நாட்காட்டியில் ஜனவரியைக் கிழித்துப் பின்புறம் நூறு பவுண்டு எடைக்கு இவ்வளவு என்று விலையை எழுதிக் கண்ணாடியில் அழுத்தினேன். அவன் படித்துச் சொன்னான். ஹாம்லின் யோசித்திருக்க வேண்டும். ஆர்வ் பதறிப்போய்க் குறைப்பதற்கு வாயைத் திறந்தான். கண்ணாடியைத் தட்டினேன். விரலை உதட்டில் வைத்துக் காட்டினேன்.

வாயை மூடிக்கொண்டு நின்றான். நன்றாகவே நின்றான்.

ஹாம்லின் பதில் சொல்வதற்கு முன்பே பிப்ரவரித் தாளையும் கிழித்து இரண்டு டாலர் கூட்டி எழுதினேன்.