கரும்புக்குள் பத்து நிமிடம்

இன்று காலை சென்னையிலிருந்து நான் வந்த பஸ், ரஞ்சன்குடிக்குப் பக்கத்தில் ஒரு கரும்பு லாரியின் பின்னால் மாட்டிக்கொண்டது. எறையூர் ஆலைக்குப் போகிற லாரி. வெட்டிய கரும்பின் வாசம் ஜன்னல் வழியாக வந்து முகத்தில் மோதியது. பக்கத்து சீட்டுக்காரர் மூச்சை இழுத்து, "நல்ல வாசனைங்க" என்றார். "கரும்புக்குள்ள நின்னவங்களுக்கு அது வேற வாசனடி" என்று நீ சொன்னது ஞாபகம் வந்தது.

நாம் படித்த கல்லூரியில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். போனில் ஒரு போஸ்டர் அனுப்பியிருந்தார்கள். என் படம், நாம் செய்த கம்ப்யூட்டர் கேமின் படம், மேலே பெரிய எழுத்தில் 'தோல்வி தந்த பாடம்'. நீ இருந்திருந்தால் போகவே விட்டிருக்க மாட்டாய். நான் போனேன். சண்டை போடத்தான் போனேன்.

நாம் அந்தக் கேமைத் தொடங்கியது உன் அம்மாவுக்காக. அம்மாவின் கல்யாணத்துக்கு முன்பு, அவளுடைய தம்பியை நிலத்துக்காரரின் ஆட்கள் அடித்துப் போட்டார்கள். பார்த்தவள் உன் அம்மா ஒருத்திதான். போலீஸ் ஸ்டேஷனில் போய்ச் சொல்லப்போகிறாள் என்று தெரிந்ததும் அவளைத் தேடி ஆட்கள் வந்தார்கள். காலையிலிருந்து உச்சிவெயில் வரை கரும்புக்குள் ஒளிந்து ஒளிந்து நகர்ந்து, ரோட்டைப் பிடித்து, பெரம்பலூர் பஸ் ஏறிவிட்டாள். இதை நீ என்னிடம் சொன்னது ஹாஸ்டல் மெஸ்ஸில், தட்டில் சாம்பார் ஆறிக்கொண்டிருந்தபோது. சொல்லி முடித்த கையோடு, "இதை கேமா பண்ணலாமா?" என்றாய்.

ஒளிந்து விளையாடுகிற கேம்கள் நிறைய இருக்கின்றன. பெரும்பாலும் இருட்டு, கோட்டை, முதுகுக்குப் பின்னால் கத்தி. நம்முடையதில் சுட்டெரிக்கும் வெயில். ஒளிய நிழல் கிடையாது, கரும்புதான். அசைந்தால் கரும்பின் காய்ந்த இலை, அந்தச் சோகை, சலசலக்கும், தேடுகிறவர்களுக்குக் கேட்கும். காற்று அடிக்கும்போது மட்டும் நகரலாம். ஆயுதம் எதுவும் இல்லை. ஓசையும் வயலும் உன் வேலை. தேடி வருகிறவர்களின் மூளையை, அவர்களை நகர்த்தும் ப்ரோகிராமை, எழுதியது நான்.

திருமானூரில் எங்கள் வயலுக்கு நீ ஒலிப்பதிவுக் கருவியோடு வந்தாய். எங்கள் வீட்டுக் கரும்பை வரப்பில் நின்று மட்டுமே பார்த்து வளர்ந்தவள் நான். நீ நேராக உள்ளே புகுந்து, கையெல்லாம் சோகை கிழித்த கோடுகளோடு வெளியே வந்தாய். உன் அம்மா ஹெட்போனை மாட்டி நீ பதிவு செய்த சத்தத்தைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "இது ஆளு நடக்கற சத்தம். காத்து அடிச்சா மொத்தக் கரும்பும் சேந்து பேசும். ஆளு நடந்தா ஒரு பக்கந்தான் பேசும்." அந்த ஒரு வார்த்தைக்காக எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து செய்தோம்.

அப்படி உருவானதுதான் நம் பத்து நிமிடக் கேம். சென்னைக் கண்காட்சியில் அதை வைத்தபோது ஆட்கள் வரிசையில் நின்றார்கள். ஒருவர் ஆடி முடித்தும் ஹெட்போனைக் கழற்றாமல் உட்கார்ந்தே இருந்தார். "என்ன சார் ஆச்சு?" என்று கேட்டாய். "மூச்சு விடவே மறந்துட்டேங்க" என்றார். பலரும் எழுதினார்கள், பெரிதாக எதிர்பார்த்தார்கள். கேம் வெளியிடுகிற ஒரு கம்பெனி நம்மைத் தேடி வந்தது.

அப்புறம் நடந்ததை அரங்கில் இன்று மறைக்காமல் சொன்னேன். பத்து நிமிடத்தைப் பத்து மணி நேரமாக இழுக்கச் சொன்னார்கள். நாயகி கையில் ஒரு வாள் கொடுக்கச் சொன்னார்கள். நீ மாட்டேன் என்றாய். "எங்கம்மாகிட்ட கத்தி இல்லடி. காது மட்டுந்தான் இருந்துச்சு." நான் "இப்போதைக்குக் குடுப்போம், அப்புறம் எடுத்துடலாம்" என்றேன். அப்புறம் என்பது வரவே இல்லை. மூன்று வாரம் நீ என்னோடு பேசவில்லை. ஆனால் ஒரு நாள்கூட வேலைக்கு வராமல் இருக்கவில்லை.

கேம் வெளியானது. மூன்று பேர் தேடும்போது ஒழுங்காக வேலை செய்த என் கணக்குகள், தேடுகிறவர்கள் நாற்பது பேரானதும் குழம்பிவிட்டன. ஒருவன் கரும்பில் முட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே நடந்தான். இன்னொருவன் சுவருக்கு அப்பாலிருந்து நாயகியைப் பார்த்துவிட்டான். அதையெல்லாம் வீடியோ எடுத்துப் போட்டுச் சிரித்தார்கள். எப்படி வந்திருக்க வேண்டிய கேம் என்று அங்கலாய்த்தவர்களும் உண்டு. அந்த அங்கலாய்ப்புதான் அதிகம் வலித்தது.

உங்கள் வீட்டில் அம்மாவுக்கு அதைப் போட்டுக் காட்டினாய். நாயகி வாளை உருவி ஒருவனை வெட்டிச் சாய்த்தாள். அம்மா திரையைக் காட்டிக் கேட்டாள்: "யாருடி இவ?"

நீ திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாய்.

அன்றைக்கு நீ என்னைத் திட்டியிருக்கலாம். அதற்குப் பதிலாக, மறுநாளிலிருந்து திட்டி எழுதியவர்கள் ஒவ்வொருவருக்கும் பதில் போட ஆரம்பித்தாய். 'ஆமாங்க, அது தப்புதான். சரி பண்றோம்.' கம்பெனி கைவிட்ட பிறகும் எழுதினாய். நான் ஒருநாள் அழுதுகொண்டே, "தோத்துட்டோம்டி, வுட்ரு" என்றேன். "தோத்தா தோத்துட்டுப் போறோம். வெக்கப்பட மாட்டேன்" என்றாய். அடுத்த மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல். டெங்கு என்றார்கள். ஐந்தாம் நாள் நீ இல்லை.

நீ போன பிறகு நான் கம்பெனிக்கு எழுதி எழுதி, விற்காத கேம்தானே என்று அவர்கள் சலித்துப்போய் உரிமையைத் திருப்பித் தரும்வரை விடவில்லை. வாளை எடுத்தேன். பத்து மணி நேரத்தையும் எடுத்தேன். அந்தப் பத்து நிமிடத்தை மட்டும் இன்று கல்லூரித் திரையில் போட்டேன். ஒரு மாணவி ஆட வந்தாள். மூன்று முறை பிடிபட்டாள். நான்காவது முறை, காற்று வரும்வரை அசையாமல் காத்திருந்தாள். கேமில் அவள் பஸ் ஏறியதும் பின்வரிசையிலிருந்து ஒரு விசில் கிளம்பியது.

கடைசியில் ஒரு பேராசிரியர் மைக்கை வாங்கி, "அப்ப இந்தத் தோல்வில நீங்க கத்துக்கிட்ட பாடம் என்னங்க மேடம்?" என்றார்.

"பாடம் ஒண்ணும் இல்லைங்க சார். என் ஃப்ரெண்டு சொன்னது சரி. நான் சொன்னது தப்பு. கேம் நல்ல கேம். போஸ்டர மாத்திடுங்க" என்றேன். மாணவர்கள் கைதட்டினார்கள். அவர் சிரிக்கவில்லை. எனக்கு அதைப் பற்றிக் கவலையும் இல்லை.

அங்கிருந்து நேராக உன் வீட்டுக்குப் போனேன். அம்மா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். லேப்டாப்பைத் திறந்து கொடுத்தேன். வாள் இல்லாததைப் பார்த்ததும் தலையை ஆட்டினாள். நாயகி பஸ் ஏறினாள், திரை இருண்டது.

"அவ்வளவுதானா?" என்றாள் அம்மா.

"அவ்வளவுதாம்மா. பஸ் ஏறிட்டீங்களே."

"ஏம் பாப்பா, பஸ்ஸு ஏறுனதோட முடிஞ்சு போச்சுன்னா நெனச்சீங்க ரெண்டு பேரும்? அதுக்கு அப்புறந்தானே கதையே இருக்கு."

உன்னிடமும் சொன்னதில்லையாம். நீ கேட்டதும் இல்லையாம். ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். ஸ்டேஷனில் அவளை வாசலிலேயே நிறுத்தினார்களாம். இன்னைக்குப் போ, நாளைக்கு வா என்றார்களாம். உள்ளே ஒரு நாற்காலி காலியாகக் கிடந்ததாம்.

"யாரும் என்னைய உக்காருன்னு சொல்லல" என்றாள். "நானே போயி உக்காந்தேன். எழுதிக்குங்க, எழுதற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்னேன்."

இருட்டும்வரை எழுந்திருக்கவில்லையாம். கடைசியில் புகாரை எழுதிக்கொண்டார்களாம்.

சென்னைக்குத் திரும்பும் பஸ்ஸிலிருந்து இதை உனக்கு எழுதுகிறேன். நம் கேமின் இரண்டாம் பாகத்துக்கு ஒரே ஓர் அறை போதும். இதில் ஓடவும் வேண்டாம், ஒளியவும் வேண்டாம். ஆடுகிறவர் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். யாரிடமும் அனுமதி கேட்கப் போவதில்லை. நாளைக்கே தொடங்குகிறேன்.