தேசம்மா பேசியதை வெட்டிவிட்டார்கள், அமுதா

என் அமுதாவுக்கு,

பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அப்புறம் என் அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்தாய். அண்ணி என்று உன்னை நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை, இப்போதும் கூப்பிடப் போவதில்லை. வயிறெரிந்துதான் எழுதுகிறேன். ஊரே படிக்கட்டும்.

நீ போன பிறகு முதல் தடவையாக நம் குறும்பட விழா நடந்தது. நடந்தது என்று சொல்லவே நாக்கூசுகிறது.

வலை பின்னுகிற கூடத்தில் நீ திரை கட்டியபோது சிரித்தவர்கள் எத்தனை பேர்! பெரம்பூர், மணலி புதுநகர் பிள்ளைகள் எடுத்த படத்தோடு பஸ் பிடித்து வந்தார்கள். நம் பெண்கள் மீன்கூடையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். பெரிய சினிமாவில் நம் பேச்சு பேசுகிறவன் ஒன்று ரவுடி, இல்லாவிட்டால் கோமாளி. நம் கூடத்துத் திரையில் அதே பேச்சில் ஒருத்தி பிள்ளையைப் பறிகொடுத்து அழுதாள், ஒருவரும் சிரிக்கவில்லை. குடிநீர்க் குழாய் பற்றிய படத்தைப் பார்த்துவிட்டுத்தானே பக்கத்துத் தெருப் பெண்கள் மறுநாளே வார்டு ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்தார்கள்?

அந்த விழாவைத்தான் பாஸ்கர் எடுத்துக்கொண்டான். உன் படங்களுக்குக் கேமரா பிடித்தவன், உன் சாவில் என்னைவிட அதிகமாக அழுதவன். கூடம் வேண்டாம், ஏசி மண்டபம் என்றான். செலவை எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய அந்தக் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்றான். பேனரில் கம்பெனி பெயர் ஆள் உயரத்துக்கு இருந்தது. நீ மூலையில், மாலை போட்டு, தபால்தலை அளவுக்கு.

உன் கடைசிப் படம்தான் முதலில் என்று சொன்னதால் பொறுத்துக்கொண்டேன். எண்ணூருக்கு நானே போய், அந்தப் படத்தில் வருகிற தேசம்மாவைக் கூப்பிட்டேன். அன்றைக்கு இறால் பிடிக்கத் தண்ணீரில் இறங்காமல், மகளின் புதுப்புடவையைக் கட்டிக்கொண்டு வந்தது. என் பக்கத்தில் முன்வரிசையில் உட்கார்ந்தது.

பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடிக்கிற தேசம்மா திரையில் வந்தபோது கைதட்டினார்கள். அடுத்து அது கரையேறி, கழிவுத் தண்ணீர் கொட்டுகிற கம்பெனிக் குழாயைக் காட்டிப் பேசும் அல்லவா? அது வரவில்லை. சூரியன் இறங்கியது, புல்லாங்குழல் வாசித்தது, படம் முடிந்துவிட்டது. விளக்குப் போட்ட பிறகும் தேசம்மா வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தது.

“இன்னா செல்வி, நான் பேசுனது எங்க?” என்று கேட்டது.



பாஸ்கரைப் போய்ப் பிடித்தேன். படம் நீளமாக இருந்ததாம், சுருக்கினானாம். பிறகு காதோரமாகச் சொன்னான்: “ஸ்பான்சர் உக்காந்துகினு இருக்காங்க செல்வி. அமுதா இருந்தா புரிஞ்சிக்கும்.”

உன் பெயரை அவன் வாயில் கேட்டதும் கத்துவதற்கு வாயெடுத்தேன். அதற்குள் தேசம்மா மேடைக்குக் கீழே போய் நின்றுவிட்டது. மைக் இல்லை. சத்தமும் போடவில்லை.

“படத்துல வெட்டிட்ட, நைனா. நான் இங்கதான கீறேன். அந்தத் தண்ணியில எறங்குனா காலு வெந்து பூடுது. கம்பெனி ஆளுங்க வந்தா மூக்கப் பொத்திகினு பாத்துட்டுப் போறாங்கோ. நாங்க அதுக்குள்ளதான் நின்னுகினு கீறோம். அமுதா கேட்டுச்சு, சொன்னேன். இப்ப நீங்க கேளுங்க.”

கோட்டுப் போட்ட இரண்டு பேர் எழுந்து போனார்கள். பாஸ்கர் பாட்டைப் போடச் சொல்லிக் கை காட்டினான். பாட்டு வந்தது. தேசம்மா நகரவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த நம் பெண்கள் ஒவ்வொருவராக வந்து அதன் பக்கத்தில் நின்றார்கள். கடைசியில் பாட்டை நிறுத்த வேண்டியதாகிவிட்டது. தேசம்மா மறுபடி முதலிலிருந்து சொன்னது.

அதனால் எதுவும் மாறிவிடவில்லை. குழாய் இன்றும் கொட்டிக்கொண்டுதான் இருக்கிறது. உன் முழுப் படம் பாஸ்கரிடம் இருக்கிறது. ராயபுரத்தில் அவன் ஆபீசுக்கே போய்க் கேட்டேன். அது விழாவின் சொத்து என்கிறான். விழாவே அவனுடையதாம். உன்மேலும் எனக்குக் கோபம்தான். ஒரு பிரதியை என்னிடம் கொடுத்துவைக்க உனக்கு ஏன் தோன்றவில்லை? அவனை ஏன் அவ்வளவு நம்பினாய்?

எல்லோரையும் நீ மன்னிப்பாய். எனக்கு அந்தப் பழக்கமில்லை. அடுத்த வருஷம் வலைக்கூடத்தில், எந்தக் கம்பெனியும் இல்லாமல், விழா நடக்கும். அதற்குள் உன் படத்தை அவன் தராவிட்டால், நான் முகத்துவாரத்துக்குப் போய், என் போனிலேயே தேசம்மாவை எடுப்பேன். படம் ஆடும். ஆனால் தேசம்மா பேசி முடிக்கும்வரை நிறுத்தமாட்டேன், அமுதா.

உன்னை அண்ணி என்று கூப்பிடாத நாத்தனார்,
செல்வி
திருவொற்றியூர்