மஞ்சள் கரு சேராத கோழி

திருத்தணி
14.6.2024

என் ஹேமா அக்காவுக்கு,

யுவஸ்ரீ எழுதுகிறேன். நைனாவும் அம்மாவும் தூங்கிவிட்டார்கள். சமையலறை விளக்கில் எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும். நீ ஆகாஷ் பாவாவைக் கல்யாணம் செய்துகொண்டு போனதிலிருந்து, உன்னோடு பேசினால் என் படிப்பை நிறுத்திவிடுவதாக நைனா சொல்கிறார். போனையும் தினமும் பார்க்கிறார். பதிலை என் தோழி புஷ்பலதா வீட்டு முகவரிக்கு அனுப்பு.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்க நைனா மாலை போட்டிருக்கிறார். கடையில் முட்டை விற்கிறார், தின்பதில்லை. விரிசல் விட்ட முட்டையெல்லாம் நம் வீட்டுக் குழம்புக்குத்தானே வரும். இப்போது பக்கத்து வீட்டுக்குப் போகிறது.

கடைக்கு முட்டை கொண்டுவரும் லாரிக்காரர் கொடுத்த குஞ்சு பெரிய கோழியாகிவிட்டது. இன்னும் ஒரு முட்டைகூட வைக்கவில்லை. "முட்டக்காரன் வூட்டுக் கோழியே முட்ட வெக்கலன்னா ஊரு சிரிக்காதா?" என்று நைனாவே சிரிக்கிறார். நீ கோழிகளைத்தானே ஆராய்ச்சி செய்கிறாய், ஏன் என்று சொல்.

நைனாவின் இமை ஓரத்தில் மஞ்சளாக இரண்டு திட்டுகள் வந்திருக்கின்றன. "இன்னா நைனா, கண்ணுல மஞ்சக்கரு ஒட்டிகினு கீது" என்று கடைக்கு வருகிறவர்கள் கிண்டல் செய்கிறார்கள். குதிகாலுக்கு மேலேயும் தடித்திருக்கிறது. முட்டை அட்டைகளைத் தூக்கினால் மூச்சு வாங்குகிறது.

போகும்போது என்னிடம்கூட நீ சொல்லவில்லை. அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

உன் யுவா


நாமக்கல்
21.6.2024

யுவாக் கண்ணு,

சொல்லாமல் வந்தது தப்புதான். சொல்லியிருந்தால் முதல் அடி உனக்கு விழுந்திருக்கும்.

உன் கோழியைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் எங்கள் கூண்டுகளிலும் அப்படிச் சில உண்டு. கோழியின் கல்லீரல் கொழுப்பைப் புரதத்தோடு சேர்த்துச் சின்னப் பொட்டலங்களாக இரத்தத்தில் அனுப்பும். வளரும் முட்டையின் மேல் இருக்கும் ஏற்பிகள் அவற்றைக் கொக்கி போட்டதுபோலப் பிடித்து உள்ளே இழுக்கும். அதுதான் மஞ்சள் கருவாகிறது. ஏற்பி பிறவியிலேயே பழுதாக இருந்தால் கரு சேராது, முட்டையும் வராது. கொழுப்பு இரத்தத்திலேயே தங்கிக் குழாய்களைக் கெடுக்கும்.

மீன், தவளை, பல்லி, பறவை என்று முட்டையிடும் உயிர்களிடம் கோடிக்கணக்கான ஆண்டுகளாக இந்த ஏற்பாடு இருக்கிறது. பாலூட்டிகளான நம் வழியில் முட்டையிடுவது நின்றது, மஞ்சள் கருப் புரதத்தின் மரபணுக்களும் அழிந்தன. ஏற்பிகளின் குடும்பம் மட்டும் அழியவில்லை. அதில் ஒன்று இன்றும் நம் கல்லீரலில் இருந்துகொண்டு இரத்தத்திலுள்ள கெட்ட கொழுப்பைப் பிடிக்கிறது.

பாடம் நடத்த இதை எழுதவில்லை. இமையில் மஞ்சள், குதிகாலில் தடிப்பு, மூச்சு வாங்குவது; பெரியப்பா நாற்பத்தொரு வயதில் மாரடைப்பில் போனதையும் நினைத்துப் பார். நைனாவுக்கு அந்த ஏற்பி பிறவியிலேயே பழுதாக இருக்கலாம். முட்டையை நிறுத்தினால் சரியாகாது. உடனே இரத்தமும் இருதயமும் பார்க்க வேண்டும். அதுவரை காவடி தூக்கிப் படி ஏறக் கூடாது. நான் போன் செய்தால் வைத்துவிடுவார். நீதான் சொல்ல வேண்டும். நான் சொன்னேன் என்றே சொல்.

ஹேமா


நாமக்கல்
12.8.2024

யுவா,

நைனாவின் முகத்தைப் பார்க்க டில்லிபாபு சித்தப்பா என்னை உள்ளே விட்டாரே, அதுவே பெரிது. பாதிப் படியில் காவடியை யார் மேலும் சாய்ந்துவிடாமல் இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாராம். அப்படியே போய்விட்டாராம்.

என் கடிதம் வந்ததா என்று அன்று உன்னிடம் கேட்டேன். வரவில்லை என்றாய். அதிலிருந்து தபாலை நம்பிய என்னையே திட்டிக்கொள்கிறேன். பதில் வராத ஐந்து வாரத்தில் ஒரு போன் செய்திருக்கலாம். வைத்துவிடுவார் என்ற ரோஷம் தடுத்தது. நைனாவைக் கொன்றது நான்தான். ஆய்வகத்துக்குப் போகப் பிடிக்கவில்லை, வேலையை விட்டுவிடலாம் என்றிருக்கிறேன்.

எனக்கும் கொழுப்பு மிக அதிகம் என்று வந்திருக்கிறது. நீயும் உடனே இரத்தம் கொடுத்துப் பார்.

ஹேமா


திருத்தணி
18.8.2024

அக்கா,

அம்மாவோடு போய் இரத்தம் கொடுத்தேன். எனக்கும் அதிகம்தான். சின்ன வயதிலேயே தெரிந்தது நல்லது, மாத்திரையும் சாப்பாடுமாகக் கட்டுக்குள் வைக்கலாம் என்றார் டாக்டர்.

உன் கடிதம் வந்தது. ஜூன் இருபத்தைந்தாம் தேதி புஷ்பா என் கையில் கொடுத்தாள். உன்னிடம் பொய் சொன்னேன்.

அன்று சாயங்காலமே கடைக்குப் போய், இரத்தம் பரிசோதிக்கலாமா என்று நைனாவிடம் கேட்டேன்.

"யாரு சொன்னாங்கம்மா?"

உன் பெயர் நாக்கு வரை வந்தது. உன் பெயரைச் சொன்னால் கடிதம் வந்ததும் தெரிந்துவிடும், படிப்பு நின்றுவிடும்.

"யாரும் இல்ல நைனா. சும்மா கேட்டேன்."

அவர் கோபமாகக் கேட்கவில்லை அக்கா. கையிலிருந்த அட்டையைக் கீழே வைத்துவிட்டு, நான் சொல்வேன் என்று நின்றுகொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடி அட்டையைத் தூக்கினார்.

அதற்குப் பிறகு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மாலை போட்டிருக்கிறார், நாற்பத்தெட்டு நாள் முட்டை இல்லை, கறி இல்லை, கொழுப்பெல்லாம் கரைந்துவிடும், மாலை கழற்றியதும் சொல்லலாம் என்று. முட்டையை நிறுத்தினால் சரியாகாது என்று நீ எழுதியிருந்த வரியை விரலால் மறைத்துக்கொண்டு மற்றதைப் படித்தேன். கிருத்திகை அன்று காவடிக்கு மயிலிறகு கட்டிக் கொடுத்ததும் நான்தான்.

உன் மேல் தப்பு இல்லை. தபால் மேலும் இல்லை. அதற்காக நீ வேலையை விடாதே.

இதைப் படித்த பிறகு எனக்கு எழுத உனக்கு மனம் வராது என்று தெரியும். எழுது என்று கேட்க மாட்டேன். முதலில் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. விடிந்ததும் அம்மாவிடம் சொல்வேன்.

யுவஸ்ரீ