சந்தைக்கல்லும் பாப்பாவின் கல்லும்

அலோர் காஜா, மலாயா, 1934

பாப்பாவின் அப்பாவுக்கு,

படம் போட்ட உங்கள் அட்டை வந்தது. சீமையில் நம் தோட்டத்துத் துரையின் சொந்த ஊர் அழகுதான். சந்தை நடுவில் கல் சிலுவை, அதைச் சுற்றி ஆடு விற்கிறவர்கள். கை உடைந்த அந்தக் கல்லை ஐந்நூறு வருஷமாய் யாரும் அசைக்கவில்லையாம். மோட்டார் ரோட்டைக்கூட அதற்காக வளைத்துப் போட்டார்களாம். பெரிய மனிதர்கள்! அவருக்குச் சமைக்கக் கூடவே கப்பலேறிப் போன உங்களுக்கும் அதில் என்ன பெருமையோ.

இங்கே அதே துரையின் தோட்டத்தில், நாம் பாப்பாவைப் புதைத்த மேட்டை வெட்டிச் சமப்படுத்தி ரப்பர் கன்று வைத்துவிட்டார்கள். அவள் தலைமாட்டில் நீங்கள் ஆற்றிலிருந்து தூக்கி வந்து நட்ட கல், வாய்க்காலில் கிடந்தது. துரையே அங்கிருந்து தந்தி அடித்து உத்தரவு கொடுத்தாராம்.

வெள்ளிக்கிழமை பால் கொண்டு போனேன். கங்காணி ஓடி வந்தார்.

"பால ஊத்தாத புள்ள, கன்னு அழுகிப் போயிரும்லா!"

"ஒங்க கன்னுக்கு ஊத்தலண்ணே. அதுக்குக் கீழ படுத்திருக்கிறவளுக்கு ஊத்துறேன்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் கன்றைப் பிடுங்கி எறிந்தேன். கல்லை இழுத்து வந்து பழையபடி நட்டேன். மறுநாளே அது மறுபடியும் வாய்க்காலில் கிடந்தது.

துரைக்கு சூப்பு ஊற்றும்போது கேளுங்கள்: ஒரு கல் எத்தனை வருஷம் நின்றால் அதைப் பிடுங்காமல் விடுவார்கள்?

பதிலை எழுத வேண்டாம், இன்னொரு படமும் வேண்டாம். ஒருத்தியாய்த் தூக்க அந்தக் கல் கனமாயிருக்கிறது.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா